இலக்கமும் லயமும்: ஊவாத் தோட்டங்களிற் பழைய தையற்பொறிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

பொருள்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றைப் புனைந்தவரோடும் ஆக்கிய ஆலையோடும் நின்றுவிடுவது வழக்கம். அப்பொருளை வாங்கியவர், வாங்க இயலாதிருந்தவர், இரவல் பெற்றவர், பழுதுபார்த்து மீண்டும் ஓடவைத்தவர் ஆகியோர் அவ்வரலாற்றின் புறத்தே நிறுத்தப்படுகின்றனர். ஊவா மாகாணத் தோட்டப்புறங்களில் இன்றுங் காணப்படும் பழைய தையற்பொறிகளை நோக்குமிடத்து இக்குறை தெளிவாகப் புலப்படும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இப்பொறிகளைத் தேடிப் பார்த்தும், அவற்றைப் பழுதுபார்ப்போரிடம் கேட்டறிந்தும் வந்த காலத்தில் ஒரு வினா நம்மை விடாது தொடர்ந்தது. ஒரு பொறி ஆலையிலிருந்து வெளிவந்த ஆண்டுக்கும் அது லயத்துக் காம்பராவுக்கு வந்துசேர்ந்த ஆண்டுக்குமிடையே இவ்வளவு நீண்ட இடைவெளி ஏன் உண்டாயிற்று என்பதே அவ்வினா.

பொறியின் வயதைக் கேட்டால் தோட்டங்களிற் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'வெள்ளைக்காரன் காலத்து மெசின்' என்பதாகும். பழம்பொருள் சேகரிப்போரும் இவ்விடையையே விரும்புகின்றனர். விலை அதனால் உயருமன்றோ! ஆயின் பொறி தன் வயதைத் தானே கூறும். சிங்கர்ப் பொறியின் தலைப்பகுதியில், வலப்புறத் தூணுக்கு அருகே, அடித்தட்டில் ஓர் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். நாம் கண்டவற்றுட் பெரும்பாலானவை ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1885 இல் உற்பத்தியைத் தொடங்கி 1980 இல் மூடப்பட்ட ஆலையில் ஆக்கப்பட்டவை. எழுத்தின்றி எண் மாத்திரம் இருப்பின் பொறி 1900 க்கு முந்தியது. அவ்வாலையைப் பொறுத்தவரை 'எஃப்' என்னும் எழுத்து 1910 இலிருந்து வழங்கியது. 'ஒய்' 1920 களையும் 1930 களின் முற்பகுதியையுஞ் சேர்ந்தது. 1935 தொடக்கம் 'ஈ' யை முதலாகக் கொண்ட இரட்டை எழுத்துகள் வருகின்றன. கறுப்பு மேனியில் ஒட்டப்பட்ட பொன்னிறச் சித்திரங்களை, குறிப்பாகப் பெண்தலையும் சிங்க உடலுங் கொண்ட எகிப்திய உருவத்தை, வைத்து வயதைக் கணிப்பது பொருந்தாது. அச்சித்திரம் பல ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டது. வார்ப்பிரும்புக் கால்களையும் நம்புவதற்கில்லை. ஒன்றின் தலை மற்றொன்றின் காலில் ஏறியிருப்பது பழுதுபார்ப்போர் நன்கறிந்த செய்தி.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பாட்டனார் கங்காணியாக இருந்தபோது வாங்கியதென எமக்குக் காட்டப்பட்ட கைப்பொறியின் இலக்கம் 'ஈ' யில் தொடங்கும் இரட்டை எழுத்தைக் கொண்டிருந்தது. எனவே அது 1935 க்கு முந்தியதாதல் இயலாது. மேலும் வினவியபோது, தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் வேறிடஞ் சென்றபோது விற்றதை, தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே அக்குடும்பம் வாங்கியது தெரியவந்தது. குடும்பக் கதை பொய்யென்று நாம் கூறவில்லை. உழைத்து வாங்கிய பொருளுக்கு ஒரு பரம்பரையைக் கற்பித்துக்கொள்ளும் உரிமை எவர்க்கும் உண்டு. ஆனால் அக்கதைக்கும் இலக்கத்துக்கும் இடையிலுள்ள சுமார் நாற்பது ஆண்டுகளே வரலாற்று மாணவனுக்கு வேண்டிய சான்றாகும்.

சிங்கர்க் கொம்பனி இலங்கையில் வாணிபந் தொடங்கிய ஆண்டு 1877. கோப்பி நோயால் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. பண்டாரவளைக்குப் புகையிரதம் 1894 இலும் பதுளைக்கு 1924 இலும் வந்தது. தேயிலைப் பெட்டிகள் இறங்கிய பாதையிலேயே இயந்திரப் பொருள்களும் ஏறிவந்தன. ஆகவே பொறி ஊவாவை எட்டாமைக்குத் தொலைவைக் காரணமாகக் கூறமுடியாது. விலை ஒரு காரணமே. ஆயினும் முழுக் காரணமன்று. ஏனெனில் கைப்பணம் இல்லாதவருக்கும் பொறியை விற்கும் முறையொன்றை அக்கொம்பனியின் பங்காளியான எட்வேட் கிளார்க் 1856 அளவிலேயே நடைமுறைப்படுத்தியிருந்தார். சிறு தொகையை முதலிற் கட்டி எஞ்சியதை மாதந்தோறுஞ் செலுத்தும் தவணை முறையே அது. இறுதித் தவணை தீரும்வரை பொறி கொம்பனியின் உடைமையாகவே இருக்கும். தவணை தவறின் அதைத் தூக்கிச் செல்லலாம்.

கடன் தோட்டத் தொழிலாளருக்குப் புதியதன்று. அவர்தம் வாழ்வே கடனிற் கட்டுண்டு கிடந்தது. கடற்செலவு தொடக்கம் அரிசி, கம்பளி ஈறாக யாவும் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டின் கடன்தொகை எழுதப்பட்ட துண்டு வேண்டும். அத்தொகையைப் புதிய தோட்டம் பொறுப்பேற்றாலன்றி ஆள் நகரமுடியாது. 1921 இன் சட்டத்தினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. துண்டில் ஈடாக நின்றது மனிதனின் உழைப்பு. தவணையில் ஈடாக நின்றது இரும்பு. இரும்பை ஈடாகக் கொள்ளும் கடனுக்கு நிலையான முகவரியும் கையிற் கிடைக்கும் மாதப் பணமும் தேவை. லயத்துக் காம்பரா தோட்டத்தின் உடைமை. வேலை போயின் கூரையும் போகும். கூலியோ அரிசிக் கழிவு போக எஞ்சியது. 1927 இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929 இல் மலைநாட்டுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். உலகப் பொருளாதார மந்தத்தோடு இதுவுங் குறைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984 இலேயே வந்தது. ஆகவே பொறியை இயக்கக்கூடிய பெண்ணே பொறிக்குரிய பணத்திலிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்தாள்.

இதனால் பொறி தோட்டச் சமூகத்தின் மேற்படியில் முதலில் அமர்ந்தது: துரையின் பங்களாவில், கணக்கப்பிள்ளையின் வீட்டில், வசதி படைத்த பெரிய கங்காணியிடத்தில், பதுளைக் கடைவீதித் தையற்காரரிடத்தில். அங்கிருந்து லயத்துக்கு அது இறங்கிய ஒவ்வொரு தடவையும் மேலே எவரோ இடம்பெயர்ந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. பயணப்பட்டவர்களுட் பொறியை விற்றோரும் உண்டு. மண்டபத்துக்கு அப்பால் பிழைப்புக்கு உதவுமென்று தலையிற் சுமந்து கப்பலேறியோரும் உண்டு. 1972 இலும் 1975 இலும் நடைபெற்ற காணிச் சீர்திருத்தத்தோடு வெள்ளைத் துரைமார் போயினர். பங்களாப் பொருள்கள் கைமாறின. 1983 ஜூலையில் பதுளைக் கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்தன. அக்கடைகளோடு கருகிய பொறிகளின் இலக்கங்களை இனி எவரும் வாசிக்கப்போவதில்லை.

ஈண்டு ஒரு சிறு விலகல். 1924 இல் நிகழ்ந்த உரையாடலொன்றில் காந்தியடிகள் இயந்திரங்களுக்கெதிரான தமது கருத்துக்குச் சிங்கரின் தையற்பொறியை விதிவிலக்காக்கினார். மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் காணப்பொறாத அன்பினால் சிங்கர் அதனை ஆக்கினார் என்பது அவர் கூறிய காரணம். மூன்றாண்டுகளின் பின், 1927 நவம்பரில், அவர் பதுளைக்கும் வந்து பேசினார். வரலாறோ வேறு. நாடக நடிகராயிருந்த ஐசாக் சிங்கர் பொஸ்டனிலுள்ள பட்டறையொன்றில் பிறர் ஆக்கிய பொறியின் குறைகளைக் கண்டு திருத்தி, 1851 இல் காப்புரிமை பெற்றார். 1846 இலேயே உரிமை பெற்றிருந்த இலையஸ் ஹோவுக்கு வழக்கில் தோற்றுப் பணமுஞ் செலுத்தினார். 1856 இல் உரிமையாளர்கள் தம்முட் சண்டையை நிறுத்தி உரிமைகளை ஒன்றுசேர்த்துச் சந்தையைத் தமதாக்கினர். இல்லற அன்புக்கு அவருடைய வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டுமன்று. தையற்பொறி வீட்டுப்பெண்ணின் துயர் துடைத்த கருணையென்னுங் கதை அன்றும் விளம்பரத்துக்கு உதவியது. இன்றுஞ் சேகரிப்போரின் நாவில் வாழ்கின்றது. 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் இதே பொறியை ஆடைத்தொழிலின் பெண்களும் பிள்ளைகளும் பிழியப்பட்ட வரலாற்றோடு வைத்துப் பேசியதை அவர்கள் நினைப்பதில்லை.

பழுதுபார்ப்போரின் அறிவு இவ்வகைக் கதைகளைவிட நம்பத்தக்கது. ஊவாவில் ஓடாது நின்ற பொறிகளுட் பல உண்மையிற் பழுதானவையல்ல. தேங்காயெண்ணெயே காரணம். மெசின் எண்ணெய் கிடைக்காத காலத்தில், அல்லது காசில்லாத காலத்தில், வீட்டிலிருந்த எண்ணெயை மூட்டுகளில் விட்டனர். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். அப்புத்தளையின் இரவுகளைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. உறைந்து உருகிப் பல்லாண்டு செல்ல, அது அரக்குப் போல் இறுகிச் சில்லைப் பிணித்துவிடும். சில்லு அசையாத பொறி இரும்பு விலைக்குப் போகும். கைதேர்ந்தவரோ அதனைப் பலவந்தமாகத் திருகுவதில்லை. எண்ணெய்த் துளைகள் அனைத்திலும் மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, சில்லை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்து, கறுப்புக் கசடு வழிந்த பின்னரே உரிய எண்ணெயை இடுவர். பொன்னிறச் சித்திரத்தில் மண்ணெண்ணெய் படாது காப்பர். பின்னர் நூலின் இறுக்கத்தைத் தரும் தட்டுகளைப் பிரித்து, இடையிற் சிக்கிய நூற்றுகளை எடுப்பர். ஊசியின் நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கத்தை நோக்கவேண்டும்; மாறிப் பூட்டிய ஓர் ஊசியினால் மாதக்கணக்காக மூலையிற் கிடந்த பொறியையும் நாம் கண்டோம். 15 ஆம் வகுப்பின் வட்டப் பொபின் இன்றும் எங்கும் வாங்கலாம். 27, 28 ஆம் வகுப்புகளின் தோட்டா வடிவச் சட்டிலும் நீண்ட பொபினும் அரியவை. ஒன்று தொலைந்தால், இறந்த இன்னொரு பொறியிலிருந்தே அது வரவேண்டும்.

லயத்திற் கைப்பொறியே மிகுதியாகக் காணப்படுவதற்கும் காரணம் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் கால்மேசைக்கு இடமேது? கைப்பொறியைப் பாயில் இறக்கித் தைத்து, மீண்டும் பெட்டியின் மேல் ஏற்றிவைக்கலாம். கொழுந்து பறித்து மீண்ட பின், விளக்கொளியில், ஒரு கை சில்லைச் சுற்ற மறு கை துணியை நகர்த்தியது. தீபாவளி முற்பணம் கிடைத்த வாரங்களில் லயம் முழுவதற்கும் அந்த ஒரு பொறியே தைத்தது. முற்பணம் பின்னர் மாதச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. சட்டை நைந்த பின்னும் கழிவு தொடர்ந்ததைக் கூறி எம்மிடஞ் சிரித்தனர் முதிய பெண்கள். தையற்கூலி காசாக வருவது அருமை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் விறகு கொணர்வதும் அதற்கு ஈடாயின. சந்தைக்குரிய பொறி சந்தைக்கு வெளியேயுள்ள கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்த விந்தையை ஆய்வாளர் போதியளவு கவனித்திலர்.

1978 இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் நாட்டுப்புறங்களுக்கு வந்தது. தாயின் பொறியில் மடிப்புத் தைக்கப் பழகிய தோட்டத்துப் பெண்பிள்ளைகள் யப்பானிய ஜூக்கிப் பொறிகளின் முன் சென்றமர்ந்தனர். அங்கே முழுச் சட்டையை எவளுந் தைப்பதில்லை. ஒருத்திக்குக் கழுத்துப்பட்டி, ஒருத்திக்குக் கைப்பகுதி. அப்பொறியின் பெயரே அதை இயக்கும் பெண்ணைக் குறிக்கும் இழிசொல்லாக நாட்டில் வழங்கலாயிற்று. சொற்பொருள் இழிவுக்கு இதனினும் நேரிய சான்று கிடைப்பது அரிது.

இப்பொழுது பழைய பொறிகள் மீண்டும் மேல்நோக்கிச் செல்கின்றன. வாங்க வருவோர் தலையையும் காலையும் பிரிக்கின்றனர். தலை ஓரிடத்துக்குப் போகின்றது. வார்ப்பிரும்புக் கால் பலகை ஏற்றப்பட்டு மேசையாகின்றது. எந்தத் தோட்டம், எந்த லயம், யாரிடமிருந்து யாருக்கு என்பன அக்கணமே அறுந்துபோகின்றன. இலக்கத்தை எழுதிக்கொள்ளும் சேகரிப்பாளர் சிலர் உளர். விற்ற பெண்ணிடம் அது எந்த ஆண்டு வந்ததெனக் கேட்டு அருகே எழுதிக்கொண்டவரை நாம் இன்னுஞ் சந்திக்கவில்லை. எல்லவில் உல்லாசப் பயணிகளுக்கான உணவுச்சாலையொன்றில் அத்தகைய மேசையில் தேநீர் அருந்தினோம். மிதிபலகை இன்னும் அசைந்தது. பக்கத்துச் சில்லும் சுழன்றது. தலை எங்கே என்று கேட்டபோது, நிறுத்து விற்றுவிட்டதாகப் பரிமாற வந்த இளைஞர் கூறினார். அவருடைய தாயார் ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் கொழுந்து பறித்தவராம்; அவரிடமும் ஒரு மெசின் இருந்ததாம்.