கரிசல் கடலையும் உடலின் காவலும்

பருத்திக்கும் கம்புக்கும் பேர்போன கோவில்பட்டிக் கரிசல் பூமியில், தென் அமெரிக்காவிலே பிறந்து கடல்வழி வந்து சேர்ந்த நிலக்கடலையானது, முதலில் திருவிழாக் காலங்களில் பனைவெல்லத்தோடு சேர்த்துத் தின்னும் பண்டமாக வழங்கி, 1940களில் பொன்னம்பல நாடார் என்ற வியாபாரி கரும்பு வெல்லத்திலே அதைக் கடலை மிட்டாயாகச் செய்து கடைத்தெருவில் விற்கத் தொடங்கிய பின்னர், ஊருக்கே பெயர் தரும் தொழிலாக வளர்ந்தது. வறுத்துத் தோல் நீக்கி இரண்டாய் உடைத்த பருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்த்து, அது உடையும் தருணத்தில் பருப்பைக் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் பலகையில் பரப்பித் தேய்த்து வில்லை போடுவது கைப்பழக்கத்தால் மட்டுமே வருகிற வித்தை.

இந்தக் கடலையே மேல்நாட்டுக் குழந்தைகள் சிலருக்குப் பிராணாபாயமாக முடிகிறது. வீட்டு மருமகனைத் திருடனென்று எண்ணிக் கூச்சலிடும் காவற்காரனைப் போல, உடலின் எதிர்ப்பு அணுக்கள் கடலைப் புரதத்தைப் பகையென்று கொண்டு, 1966இல் இஷிஸாக்கா தம்பதியர் கண்டறிந்த இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் புரதத்தை உண்டாக்க, அதைச் சுமந்து நிற்கும் மாஸ்ட் அணுக்கள் கடலை பட்டவுடன் ஹிஸ்டமினைக் கக்குகின்றன. வறுத்த கடலையில் இந்த வேகம் மிகுதியென்றும், அவித்த கடலையில் குறைவென்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

பகையான பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடலைப் பழக்கும் வழி பழையது: முட்டை ஒவ்வாத 13 வயதுச் சிறுவனுக்கு முட்டையையே அணுவணுவாகக் கொடுத்துத் தேற்றிய வரலாற்றை ஸ்கோஃபீல்டு என்ற ஆங்கில வைத்தியர் 1908இலேயே எழுதினார். அரை மில்லிகிராமில் தொடங்கி மாதக்கணக்கில் 300 மில்லிகிராம் வரை ஏற்றும் இக்காலக் கடலைச் சிகிச்சையில், மாஸ்ட் அணுக்களின் பதற்றம் தணிகிறது; முதலில் உயரும் ஈ புரதம் பிறகு மெல்லத் தாழ்கிறது; இம்யூனோகுளோபுலின் ஜி4 என்னும் வேறொரு புரதம் பெருகிக் கடலையை வழியிலேயே மறிக்கிறது; ஒவ்வாமையைத் தூண்டிவிடும் டி என்னும் எதிர்ப்பு அணுக்கள் ஒடுங்குகின்றன. ஆயினும் மருந்தை நிறுத்தினால் பலருக்கு இந்தச் சமாதானம் நிலைப்பதில்லை.

இவ்வகைச் சிகிச்சைக்கான கடலைத் தூளுக்கு அமெரிக்க அரசு 2020 ஜனவரியில் அனுமதி தந்தது; கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே ஆண்டிலேதான். ஒவ்வாமை வரக்கூடிய 640 சிசுக்களைக் கொண்டு லண்டனில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வோ, முதல் வயது நிறையுமுன்பே கடலையைப் பழக்கினால் நோய் பெரும்பாலும் தலையெடுப்பதில்லை என்று காட்டிற்று. ஆகவே, குழைத்துக் கொடுக்கும் கடலைக்குக் குழந்தையைக் காலத்தே பழக்குவது நன்று. முழுக் கடலையும் மிட்டாயும் தொண்டையில் அடைக்குமாதலால் சிசுவுக்கு ஆகா. ஒவ்வாமை கண்டுவிட்ட பிள்ளைக்கோ, வைத்தியர் துணையின்றி வீட்டிலே இந்தப் பரீட்சை ஒருபோதும் கூடாது.