வில்லின் முதுகு

திண்டுக்கல் என்றால் நம்மில் பலருக்குப் பூட்டு நினைவுக்கு வரும், புகையிலை வரும், நாவில் ருசி உள்ளவர்களுக்குச் சிறுமலை வாழைப்பழம் வரும். சரித்திரப் பித்துப் பிடித்தவர்களுக்கு மட்டும் அந்தப் பாறைக்கோட்டை கண்முன் வந்து நிற்கும். 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பியது. திருமலை நாயக்கர் பலப்படுத்தியது. 1755-இல் இங்கே பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஓர் ஆயுதசாலை அமைத்தார். பீரங்கி வந்துவிட்டது, வில்லுக்கு வயதாகிவிட்டது.

இந்த ஊருக்கு இன்னொரு செல்வமும் உண்டு. அதுதான் தோல். சுற்றியுள்ள வெயில் சமவெளியில் ஆவாரஞ்செடிக்குப் பஞ்சமில்லை. அதன் பட்டையை ஊறவைத்த சாற்றில் ஆட்டுத்தோலைப் பதனிட்டுக் கப்பலேற்றிப் பெயரும் பணமும் சம்பாதித்தன இவ்வூர்த் தோல் ஷாப்புகள். ஆனால், பதனிட்ட தோல் வில்லுக்கு உதவாது. வில் கேட்பது பச்சைத்தோல்.

ஏன் என்று கேட்கிறீர்களா? நாணை இழுத்ததும் எய்பவனைப் பார்க்கும் பக்கம், அதாவது வில்லின் வயிறு, நசுங்குகிறது. எதிரியைப் பார்க்கும் முதுகோ விரிகிறது. மரம் முறிவது பெரும்பாலும் முதுகில்தான். ஒரு சிறு சிலும்பு கிளம்பினால் போதும், வில்லே வெடித்துவிடும். முதுகின்மேல் ஒட்டிய பச்சைத்தோல் அந்தச் சிலும்பைக் கிளம்பவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. பதனிட்ட தோலோ மெத்தென்று இழுபடும், காவலுக்கு ஆகாது.

செய்முறை எளிதுதான், பொறுமைதான் அரிது. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிரையும் கொழுப்பையும் சுரண்டவேண்டும். சுண்ணாம்பு போகும்வரை அலச வேண்டும். நறுக்கி எறிந்த தோல் துண்டுகளை இளஞ்சூட்டில் காய்ச்சினால் தச்சர்கள் அறிந்த வச்சிரப் பசை கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கில்லாத வில்லின் முதுகில் அதைப் பூசி, ஈரத்தோலைப் பரப்பி, பிடியிலிருந்து நுனிவரை காற்றுக் குமிழிகளை விரலால் தள்ளி, துணிப்பட்டையால் சுற்றிவிட வேண்டும். பிறகு நிழலில் காயவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தோல் சட்டென்று சுருங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும். காய்ந்தபின் ஓரத்தைச் சீவி, அரக்கு மெருகு பூச வேண்டும். ஏனென்றால் ஈரம் அதற்குப் பரம வைரி.

அந்த வைரியை நம் தேசத்தார் நன்றாக அறிந்திருந்தார்கள். பனை, மூங்கில், மரம், கொம்பு என்று வில்லுக்கு நான்கு பொருள்களைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் சொல்லுகிறது. கொம்பும் நரம்பும் வைத்துப் பசையால் ஒட்டிய வில், மழைக்காலத்தில் நெகிழ்ந்துபோகும். பிற்காலத்தில் வட இந்திய ஆயுதசாலைகளில் எஃகு வில் இடம்பெற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 1911-இல் காட்டிலிருந்து தனியாளாக வெளிவந்த இஷி என்ற பழங்குடி மனிதர், மான் நரம்பை வில்லின் முதுகில் ஒட்டும் வித்தையைத் தம் நண்பரான டாக்டர் போப்புக்குக் காட்டினார். 1916-இல் இஷி இறந்தார். 1923-இல் போப்பின் வில்வித்தைப் புத்தகம் வந்தது. ஒரு குலத்தின் கடைசி மனிதரோடு போயிருக்க வேண்டிய வித்தையில் கொஞ்சம் பிழைத்தது.

நம் இஷிகள் யார்? தூரத்தில் தேட வேண்டாம். பறையை அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டுகிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? ஈரத்தில் தளர்ந்த பச்சைத்தோல் சூட்டில் இறுகும் என்ற அதே சாஸ்திரம்தான். கன்றுத்தோலை ஊறவைத்து, சுரண்டி, புளியங்கொட்டைப் பசையால் பறைச்சட்டத்தில் ஒட்டி இழுத்துக் கட்டும் கைகளுக்கு, வில்லின் முதுகு புதிய பாடமாக இராது. தெற்கே வில்லுப்பாட்டுக்காரரின் பனை வில்லில் மாட்டுத்தோலே நாணாக ஒலித்தது.

வில்லேந்திய ராமனுக்குக் கோயில் கட்டினோம். வில்லாளிகளைக் காவியத்தில் ஏற்றினோம். ஆனால் தோலின் குணம் அறிந்தவனைச் சேரியில் நிறுத்தினோம். தோலைக் கப்பலேற்றியவர்களுக்குப் பங்களாக்கள் எழுந்தன; தொட்டியில் இறங்கியவன் கைக்குச் சுண்ணாம்புப் புண்ணே மிஞ்சியது. கோட்டை கட்டியவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். தோலைச் சுரண்டிய ஒருவன் பெயரையாவது எந்தச் சரித்திரமாவது எழுதி வைத்திருக்கிறதா?

இனித் தெருவில் பறை காய்ச்சுகிறவர்களைக் கண்டால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.