கடற்காற்றாலை

கடற்படுகையில் ஊன்றிய தூணின்மீதோ மிதக்கும் மேடையின்மீதோ நின்று, கடற்காற்றின் இயக்க சக்தியை மின்சக்தியாக மாற்றும் இயந்திரம் கடற்காற்றாலை எனப்படும். விமானத்தின் இறக்கையை ஒத்த வடிவுடைய அதன் மூன்று இறகுகளின் இருபுறத்தும் காற்றழுத்தம் வேறுபடுவதால் பிறக்கும் தூக்குவிசை சுழலியைத் திருப்ப, அச்சுழற்சி நேராகவோ பற்சக்கரப் பெட்டியின் வாயிலாகவோ ஜெனரேட்டரை அடைந்து, 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் விதிப்படி மின்சாரமாகிறது. வட சென்னையில் மூலக்கொத்தளத்தை அடுத்துள்ள பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தின் வாயுச்சுழலிகள் இயக்கும் ஜெனரேட்டர்களுக்கும் ஆதாரம் இத்தத்துவமே. சுழற்றும் சக்தியில் மட்டுமே பேதம்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் அடங்கிய சக்தி எட்டு மடங்காகும் ஆதலின், தடையின்றி வீசும் கடற்காற்று விசேஷ மதிப்புடையது. எனினும் காற்றின் சக்தியில் 59.3 சதவீதத்திற்கு மேல் எச்சுழலியாலும் கவர இயலாது என்பது பெட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் வகுத்த எல்லை. காற்று வினாடிக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வேகத்தைக் கடக்குமாயின், இறகுகள் கோணம் மாறி, ஆலையின் ரக்ஷணார்த்தம் சுழற்சி நிறுத்தப்படும். விளைந்த மின்சாரம் மின்மாற்றியால் அழுத்தம் உயர்த்தப்பெற்று, கடலடிக் கேபிள் வழியே கரை சேரும்.

உலகின் முதற் கடற்காற்றாலைத் தொகுதி 1991-இல் டென்மார்க்கின் விண்டெபியில் 11 ஆலைகளோடு நிறுவப்பட்டது. இந்தியா 2015-இல் இதற்கெனத் தேசியக் கொள்கை வகுத்தது. 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 1,000 மெகாவாட் திட்டத்தில் 500 மெகாவாட் தமிழகக் கடலுக்குரியது. அக்கடலில் காற்றுவளம் மிக்க மன்னார் வளைகுடாவே பவளப்பாறைகளும் கடற்பசுக்களும் உள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும், கரையோர மீனவரின் ஜீவனத்துக்கு ஆதாரமாகவும் இருத்தலின், ஆலைகளுக்குரிய ஸ்தலத் தேர்வு மிகுந்த நிதானத்தை வேண்டுவதாகும்.