தோட்டத் துண்டாடலும் தொழிலாளர் வாங்கிய முதல் நிலமும்

நிலம் வாங்குவோன் எவற்றை ஆராய வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய வினா அன்று. சோழர் காலத்து விலையாவணங்களைக் கல்வெட்டுகளிற் கற்போர், நிலத்தின் நான்கெல்லை, அளவு, நீர் வரும் வாய்க்கால், இறை உண்டா இல்லையா என்பன ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படுதலைக் காண்பர். நிலத்தில் நிற்கும் மரங்களும் தோண்டிய கிணறுகளும் விலையுள் அடங்கும் என்பதையும் அவை மறவாமல் உரைக்கும். இவ்வளவுகோலை மலாயாவின் இரப்பர்த் தோட்டத்திற்குப் பொருத்திப் பார்த்தால், பேராக் மாநிலத் தமிழர் வரலாற்றில் ஒரு பகுதி தெளிவாகும்.

1877-இல் கோலகங்சாரில் ஆங்கிலேய ரெசிடெண்டின் மாளிகைத் தோட்டத்தில் சில இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மரம் காடு முழுதும் பரவிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் ஈப்போவை வளர்த்தது. சுங்கை சிப்புட் முதலிய இடங்களில் இரப்பர், தமிழ்த் தொழிலாளரை லயங்களில் குடியேற்றியது. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர் அவர். நிலமோ பெரும்பாலும் இலண்டனிற் பதிவான கம்பெனிகளுடையது.

இரப்பர்த் தோட்டத்தின் விலையை மண்ணைவிட மரமே முடிவு செய்யும். நட்டு ஆறேழு ஆண்டு கழிந்தே பால் வெட்ட இயலும். ஏறத்தாழ முப்பது ஆண்டானபின் பட்டை தளர்ந்து பால் குறையும். அப்போது வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்தல் வேண்டும். பழைய விதைக்கன்று மரங்கள் ஏக்கருக்கு ஆண்டில் 400, 500 இராத்தல் தந்த காலத்தில், தேர்ந்த ஒட்டுமரங்கள் அதனினும் இருமடங்கு தந்தன. ஆகவே கிழமரங்கள் நிற்கும் தோட்டம் மலிவாகத் தோன்றினும் மலிவன்று. மறுநடவுச் செலவையும், வருவாயில்லாத ஆறேழு ஆண்டுகளையும் விலையோடு கூட்டிக் கணக்கிடல் வேண்டும். மரத்தின் வயது, பட்டையின் நிலை, மறுநடவு செய்த ஏக்கர் எத்தனை என்னும் மூன்றும் அறியாமல் விலை பேசுவது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் செய்வதாகும்.

அடுத்தது உரிமை. மலாயாவில் நில உரிமை அரசின் பதிவேட்டைச் சார்ந்தது. கிராண்ட் என வழங்கும் பட்டாவில் சில நிலையான உரிமை தருவன. சில குறித்த ஆண்டுகட்கு மட்டுமே செல்லும் குத்தகை. 1913-இல் தோன்றிய மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்துள் அடங்கிய நிலத்தைப் பிறர் வாங்குதல் இயலாது. எல்லைக்கல், பதிவேடு, ஈடு வைத்த கடன் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே முன்பணம் தருதல் முறை.

இவ்வறிவெல்லாம் தொழிலாளர்க்குத் தேவைப்பட்ட காலம் 1950-களில் வந்தது. நாட்டின் விடுதலை நெருங்கிய நாளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கலாயின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கிக் கூடுதல் விலைக்கு விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதில் வணிகர்க்கு ஊதியம் உண்டு. ஆயின் மலாயாவில் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளதே தோட்டமெனக் கணக்கிடப்பட்டது. துண்டுபட்ட நிலத்தில் வேலையாள் குறைந்தனர். லயம், மருந்தகம், பள்ளி ஆகியவற்றை நடத்துவார் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்டக்காரர்மேல் வைத்திருந்தது. தோட்டம் மறைந்தால் தமிழ்ப்பள்ளியின் அடித்தளமும் ஆடும் என்பதை ஆசிரியர்கள் உணர்வர். இத்துண்டாடலை ஆராய்ந்து பேராசிரியர் உங்கு அசீஸ் எழுதிய ஆய்வு 1962-இல் வெளிவந்தது.

இந்நிலையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தவர் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பயின்று, விடுதலை பெற்ற நாட்டின் அமைச்சரவையில் இடம்பெற்ற வீ. தி. சம்பந்தன். அவர் தோட்டந்தோறும் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் சேமித்துப் பங்கு சேருமாறு தொழிலாளரை வேண்டினார். நாட்கூலி சில வெள்ளிகளே பெற்ற குடும்பத்திற்கு அது சிறு தொகை அன்று. எனினும் பலர் சேர்ந்தனர். சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். பால் வெட்டியவர் பங்குடையோராயினர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஒரே தோட்டத்திற்கு இரண்டு மதிப்புகள் உண்டு. துண்டாடுவோன் அடுத்த மாதத்து விற்பனை விலையைப் பார்க்கிறான். மரத்தின் வயது அவனுக்குப் பெரிதன்று. தோட்டத்தை முழுமையாக வைத்து நடத்துவோனோ முப்பது ஆண்டு விளைச்சலைப் பார்க்க வேண்டியவன். ஆகவே முன்னவன் தரும் விலையைப் பின்னவன் தர இயலாத இடங்களும் உண்டு. கூட்டுறவு எல்லாத் தோட்டங்களையும் காத்துவிட இயலாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மற்றொரு குறையையும் மறைத்தல் ஆகாது. பங்கு என்பது வீட்டுமனைப் பட்டா அன்று. தோட்டத்து லயம் வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் குடியிருப்பும் முடியும். பின்னர்ப் பல தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறின. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து ஈப்போவின் லம்பங்கள் ஓய்ந்தன. நகரைச் சூழ்ந்த தோட்டங்கள் சில வீடமைப்பு நிலங்களாயின. தலைமுறைகளாகப் பால் வெட்டியவர், தமக்கென ஒரு மனையேனும் இன்றி வெளியேறியதும் உண்டு.

எனவே இன்று பேராக்கில் முதன்முறையாக ஒரு மனையோ கடைவீடோ வாங்க எண்ணும் குடும்பம் பழைய ஆவணங்களின் வினாக்களையே கேட்கலாம். எல்லை எது? உரிமை எத்தனை ஆண்டு? நீரும் வழியும் உளவா? ஈடு உண்டா? லம்பமாக இருந்த நிலமாயின் மண் கட்டடத்தைத் தாங்குமா? வாடகை ஆண்டுக்கு எவ்வளவு, செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? இவற்றிற்கு விடை பெறாத நிலம் எத்துணை மலிவாயினும் வேண்டற்பாலதன்று. தம் பெயரில் எழுதிய கிராண்ட் ஒன்று வீட்டில் இருத்தலின் பொருளை, லயத்தில் பிறந்தவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.