பசியில் விளையும் பிளாஸ்டிக்

1964ஆம் ஆண்டு தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குருணையை உருக்கி வார்க்கும் சிறு பட்டறைகள் பல உண்டு. அக்குருணையின் மூலம் பெட்ரோலியம். பெட்ரோலியமே வேண்டாத ஒரு பிளாஸ்டிக்கை மனிதன் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முன்னரே கண்டுவிட்டான். அது பரவலாகாமற் போன வரலாறு நாம் அறியத்தக்கது.

1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மொரீஸ் லெமுவாஞ், பாசில்லஸ் மெகட்டீரியம் என்னும் பாக்டீரியாவினுள் பாலிஹைட்ராக்சிபியூட்டரேட் என்ற பொருளைக் கண்டறிந்தார். அது ஏன் அங்கே சேர்கிறது என்பதை 1958இல் மேக்ரே, வில்கின்சன் ஆகியோரின் ஆய்வு தெளிவாக்கியது. உயிரணு பெருகப் புரதம் வேண்டும். புரதத்திற்கு நைட்ரஜன் வேண்டும். சர்க்கரை மிகுந்து நைட்ரஜன் அருகும்போது, பெருக இயலாத பாக்டீரியா, எஞ்சிய கரியைச் சிறுமணிகளாக்கித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. நம் உடல் கொழுப்பைச் சேமிப்பது போன்றதே இது.

தொழில்முறையும் இதனை ஒட்டியதே. நொதிகலனில் முதலில் எல்லாச் சத்துகளும் அளித்துப் பாக்டீரியாவைப் பெருக்குவர்; பின்னர் நைட்ரஜனையோ பாஸ்பரசையோ குறைத்துச் சர்க்கரையை மட்டும் ஊட்டுவர். உலர் எடையில் 80 விழுக்காடு வரை பிளாஸ்டிக்காக மாறும் பாக்டீரியாக்களும் உண்டு. மண்ணிலுள்ள பிற நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவாகிச் சிதைந்துவிடும்.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இதில் இறங்கியது. எளிதில் நொறுங்கும் குறையை வேலரேட் சேர்த்துத் தணித்து, 'பயோபோல்' எனப் பெயரிட்டது. 1990இல் ஜெர்மனியில் வெல்லா நிறுவனத்தின் ஷாம்பூ புட்டியாக அது கடைக்கும் வந்தது. ஆனால் 1986இலேயே எண்ணெய் விலை சரிந்திருந்தது. பன்மடங்கு விலையுள்ள பயோபோல் சாதாரண பிளாஸ்டிக்கோடு போட்டியிட இயலவில்லை. 1996இல் அதனை வாங்கிய மான்சான்டோ, 1998இல் முயற்சியைக் கைவிட்டது. எண்ணெய் ஏறினால் நினைக்கப்படுவதும் இறங்கினால் மறக்கப்படுவதுமே இதன் தலைவிதியாயிற்று.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. தடை ஓர் இடத்தை வெற்றிடமாக்கும். அவ்விடத்தை நிரப்பும் பொருளைத் தருவது அதன் பணியன்று. பயோபோல் போன்றவற்றை வழக்கமான வார்ப்பு இயந்திரங்களிலேயே வார்க்க இயலும் என்பதால், பட்டறைகள் அடியோடு மாறவேண்டியதில்லை. தடையாய் நிற்பது விலை. ஏரியிலும் கால்வாயிலும் தேங்கும் குப்பையை அகற்றும் செலவு சாதாரணக் குருணையின் விலையில் சேர்வதில்லை; அது ஊரார் தலையில் விழுகிறது. அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதும் நாளில்தான் எது மலிவு என்பது விளங்கும்.