கரைவதெல்லாம் மின்சாரம் கடத்துமா?

சமையலறையிலுள்ள இரண்டு வெள்ளைப் பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று உப்பு, மற்றொன்று சர்க்கரை. அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்புதான் கரையும். சர்க்கரையோ ஏறத்தாழ 200 கிராம் கரையும். கரைதிறனில் சர்க்கரை உப்பை ஐந்து மடங்குக்கும் மேலாக மிஞ்சிவிடுகிறது. அப்படியானால் மின்சாரத்தைக் கடத்துவதிலும் சர்க்கரைக் கரைசல்தானே முந்த வேண்டும்?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் பாட்டரி, ஓர் எல்.இ.டி. விளக்கு, 330 ஓம் மின்தடை ஒன்று, பென்சிலிலிருந்து எடுத்த இரு கரிக்குச்சிகள் ஆகியவை போதும். இவற்றை வரிசையாக இணைத்து, இரு குச்சிகளையும் ஒன்றையொன்று தொடாதபடி கிண்ணத்தில் நிறுத்துங்கள். முதலில் உலர்ந்த உப்பில் நிறுத்துங்கள், விளக்கு எரியாது. பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரில் நிறுத்துங்கள். அநேகமாக எரியாது, எரிந்தாலும் மினுக்கென்று தெரியும், அவ்வளவுதான். அந்த நீரில் சர்க்கரையைக் கரையுங்கள், மாற்றம் இல்லை. வேறொரு கிண்ணத்து வாலைவடிநீரில் ஒரு கரண்டி உப்பைக் கரையுங்கள். விளக்கு பளிச்சென்று எரியும்! (காற்றோட்டமான இடத்தில் சில விநாடிகள் மட்டுமே செய்யுங்கள். உப்புநீரிலிருந்து சிறிதளவு குளோரின் வாயு வெளிப்படலாம். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.)

உலர்ந்த உப்பு கடத்தவில்லை. தூய நீரும் கடத்தவில்லை. கடத்தாத இரண்டும் சேர்ந்தபோது கடத்தும் பொருள் எங்கிருந்து வந்தது? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வேதியியலாரைத் திணற வைத்த கேள்வி இதுதான்.

இலண்டனில் மைக்கேல் ஃபாரடே 1830களில் இதனை ஆராய்ந்தார். மின்சாரத்தைச் சுமந்து கரைசலில் நகரும் துகள்களுக்கு 1834-இல் 'அயனி' என்ற பெயர் வழங்கலாயிற்று. 'செல்வது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. மூலக்கூறுகளைப் பிளந்து அயனிகளை உண்டாக்குவது மின்சாரமே என்பது அக்காலக் கருத்து. ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மின்சாரம்தான் மூலக்கூறுகளைப் பிளக்கிறதென்றால், பிளப்பதற்குப் போதிய வலிமை வரும்வரை மின்னோட்டமே இருக்கக் கூடாதல்லவா? மிகச் சிறிய மின்விசைக்கும் கரைசல் இணங்குவதை ஜெர்மானிய அறிஞர் கிளாசியஸ் 1857-இல் சுட்டிக்காட்டினார். ஆகவே மூலக்கூறுகளில் மிகச் சில முன்னரே பிரிந்திருக்க வேண்டும் என்றார் அவர்.

'மிகச் சில அல்ல, மிகப் பல' என்று சொல்லத் துணிந்தவர் சுவீடன் நாட்டு இளைஞர் ஸ்வான்டே அரீனியஸ். ஸ்டாக்ஹோமில் பல கரைசல்களின் மின்கடத்துதிறனை அளந்த அவர், 1884-இல், தம் 25-ஆம் வயதில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டை அளித்தார். கரைந்த பொருளில் மின்சாரத்தைக் கடத்தும் பகுதியும் கடத்தாத பகுதியும் உண்டு. நீர் சேரச்சேரக் கடத்தும் பகுதி பெருகும் என்பது அதன் சாரம். அங்கிருந்த பேராசிரியர்களை அது கவரவில்லை. அவர்களுள் ஒருவர், ஹோல்மியம், தூலியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்த கிளேவ். ஆய்வேடு மிகக் குறைந்த தகுதியுடன்தான் தேறியது. அந்த மதிப்பீட்டுடன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி பெறுவதே ஐயத்திற்கு இடமாயிற்று.

அரீனியஸ் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரிகா நகரிலிருந்த ஓஸ்ட்வால்ட் அதன் சிறப்பை உணர்ந்து, அவ்வாண்டே உப்சாலாவுக்கு நேரில் வந்து அவரைச் சந்தித்தார். அதன் பிறகே அரீனியஸுக்குச் சொந்தப் பல்கலைக்கழகத்தில் வழி திறந்தது.

1887-இல் அரீனியஸ் தம் கொள்கையை முழு வடிவில் வெளியிட்டார். கடத்தும் பகுதி என்று தாம் முன்பு கூறியது அயனிகளே என்றார். எதிர்ப்பும் எழுந்தது. சோடியம் நீரில் பட்டால் சீறி எரியும். குளோரின் நச்சு வாயு. இவை இரண்டும் பிரிந்து கிடக்கும் நீரைக் குடித்துவிட்டு நாம் நலமாக இருப்பது எப்படி? இது நியாயமான கேள்விதான். மின்னூட்டம் பெற்ற அயனி வேறு, மின்னூட்டம் இல்லாத அணு வேறு என்பதே அரீனியஸின் விடை.

அவருக்குச் சான்று மின்சாரத்துக்குத் தொடர்பே இல்லாத ஓர் இடத்திலிருந்து கிடைத்தது. நீரில் எதையேனும் கரைத்தால் அது உறையும் வெப்பநிலை தாழும். எவ்வளவு தாழும் என்பது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சம எண்ணிக்கை மூலக்கூறுகளை எடுத்து நீர்த்த கரைசல்களாக்கினால், சர்க்கரை ஒரு பங்கு தாழ்த்தும். உப்பு ஏறத்தாழ இரு பங்கு. கால்சியம் குளோரைடு ஏறத்தாழ மூன்று பங்கு. ஓர் உப்பு மூலக்கூறு இரு துகள்களாகவும், கால்சியம் குளோரைடு மூன்று துகள்களாகவும் பிரிகின்றன என்று கொண்டால் கணக்கு சரியாகிவிடுகிறது! சர்க்கரை பிரிவதே இல்லை. அதன் மூலக்கூறு முழுமையாகவே நீரில் மிதக்கிறது; மின்னூட்டம் இல்லாததால் மின்சாரத்தைச் சுமப்பதும் இல்லை.

1903-இல் அரீனியஸுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது வேதியியல் நோபல் குழுவின் தலைவராக இருந்தவர், அதே கிளேவ்!

அரீனியஸும் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. உப்பு மூலக்கூறை நீர் பிரிக்கிறது என்று அவர் எண்ணினார். 1913-ஐ ஒட்டிப் பிராக் இருவர், தந்தையும் மகனும், எக்ஸ் கதிர்களால் உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, அதில் தனித்தனி மூலக்கூறுகளே இல்லை என்பது தெரிந்தது. திண்ம உப்பிலேயே அயனிகள் அடுக்கப்பட்டுள்ளன; நகர முடியாமல் கட்டுண்டு கிடக்கின்றன. நீர் செய்வதெல்லாம் அவற்றை விடுவிப்பதே. உப்பை 801 டிகிரி செல்சியஸில் உருக்கினால் நீரின்றியே மின்சாரம் பாய்வதும் இதனால்தான். ஆனால் வினிகரிலுள்ள அசெட்டிக் அமிலம் அரீனியஸ் சொன்னபடியே நடக்கிறது. அதன் மூலக்கூறுகளில் மிகச் சிலவே அயனிகளாகப் பிரியும். வாலைவடிநீரில் சில துளி வினிகர் விட்டுப் பாருங்கள். விளக்கு மங்கலாகவே எரியும்.

இனி எலுமிச்சைச்சாறு, சலவைச்சோடா, குளுக்கோஸ், சோப்பு, சுண்ணாம்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். ஒவ்வொன்றும் கரையுமா, கடத்துமா என்று உங்கள் கருத்தை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊகம் பொய்த்துப்போகும் இடத்தில் சற்று நின்று காரணத்தைத் தேடுங்கள்.