பிறப்பை மாற்றிய கதைகளும் ரேந்தை பின்னிய கைகளும்

வரலாற்றுக் காதல் கதைகளை நாம் எல்லோரும் விரும்பித்தான் படித்திருக்கிறோம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' நாவலில் படகோட்டும் பூங்குழலியை யாரால் மறக்க முடியும்? அவள் கைப்பிடிப்பது பூமாலை கட்டும் சேந்தன் அமுதனை. ஓர் எளிய பெண்ணும் ஓர் எளிய ஆணும் சேர்கிறார்கள் என்று நாம் மகிழும்போது, அவன் உண்மையில் சோழ அரியணைக்கு உரியவன் என்று தெரியவருகிறது. எளியவர்களின் காதல் எளியவர்களின் காதலாகவே முடிவதைக் கதை பொறுத்துக்கொள்ளவில்லை.

இதை நாவலாசிரியர் ஒருவரின் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. நம்முடைய கதைப்பாடல்களிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது.

நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். அந்த மரபின் கதைகளில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பார்ப்பன இளைஞன் முத்துப்பட்டன், வாலப்பகடை என்னும் சக்கிலியரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொள்கிறான். பெண் கேட்டு வந்தவனிடம் நிபந்தனை போடுவது வாலப்பகடைதான். பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். திருமண இரவிலேயே மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மடிகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். இன்றும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

இந்தக் கதையில் சாதியை விட்டு இறங்கி வருபவன் ஆண். பெண்கள் யாராகவும் மாற வேண்டியதில்லை. அவர்களுடைய தொழிலையும் தகப்பனையும் ஏற்றுக்கொள்பவனுக்கே பெண். இந்தக் கதை சாதியின் வேரையே பிடித்து ஆட்டுகிறது.

அதனால்தான் கதையின் முன்பகுதியில் ஒரு ஒட்டுப் போடப்பட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பார்ப்பனப் பெண்கள், காட்டில் கைவிடப்பட்டதால் வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு பிறப்புக் கதை சேர்ந்தது. முத்துப்பட்டன் கதையை 1971-இல் பதிப்பித்த நா. வானமாமலை இதைப் பின்னாள் சேர்க்கை என்றே கண்டார். இந்த ஒரு ஒட்டு போதும். சாதி எதுவும் மீறப்படவில்லை, பார்ப்பான் பார்ப்பனப் பெண்களைத்தானே கட்டினான் என்று கதை தலைகீழாகிவிடுகிறது. மதுரை வீரன் கதையிலும் இதேதான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன் காசி ராஜாவின் மகனாக ஆக்கப்பட்டான். 1956-இல் வந்த திரைப்படமும் அதையே சொன்னது.

இந்த ஒட்டுக்கு ஓர் அர்த்தம் உண்டு. காதலிக்கத் தகுதியான பெண், வீரமுள்ள ஆண் யாரும் நம் தெருவில் பிறந்திருக்க முடியாது என்பதே அது.

நாஞ்சில் நாட்டின் உண்மை வரலாறு வேறு கதை சொல்கிறது. இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள்தான் பழைய நாஞ்சில் நாடு. 1956 வரை திருவிதாங்கூரில் இருந்த நிலம். 1836-இல் திருவிதாங்கூர் எடுத்த கணக்கில் 1,64,864 பேர் அடிமைகள். அன்றைய மக்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவர். பறையரும் புலையரும் நிலத்தோடு விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். நாற்று நட்ட பெண்ணுக்குத் தன் உடம்பே சொந்தமில்லை. அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855 ஜூன் மாதம்தான் வந்தது.

அதற்கு முன்பே தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிய பெண்கள் இங்கே இருந்தார்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1821 வாக்கில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வகுப்பில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். பின்னிய ரேந்தையை விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்து எசமானனுக்கு விலை கொடுத்துச் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். எந்தப் பிறப்பு இரகசியமும் அவர்களைக் காப்பாற்ற வரவில்லை. காப்பாற்றியது ஊசியும் நூலும் உழைப்பும்தான். மீட்டவர் மிஷனரி என்று மட்டும் எழுதுகிறவர்கள் அந்தக் கூலிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததே மகாராசன் வேதமாணிக்கம் என்ற சாம்பவரின் அழைப்பால்தான் என்பதையும் இங்கே நினைவில் வைப்போம்.

இன்னொரு பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டும்: லோயிஸ் பிடல்ஃப். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பணியாற்றிய சார்லஸ் மீட், இரண்டாம் மனைவி இறந்தபின், 1852-இல் பறையர் சமூகத்தில் பிறந்த லோயிஸைத் திருமணம் செய்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. சாதி கூடாது என்று பிரசங்கம் செய்த சபைக்குள்ளேயே எதிர்ப்பு வெடித்தது. மீட் லண்டன் மிஷனை விட்டு விலகித் திருவிதாங்கூர் அரசுப் பணிக்குப் போனார். நாம் இதைப் பெரும் காதல் என்று கொண்டாடவில்லை. வெள்ளைக்கார மிஷனரிக்கும் அந்தப் பெண்ணுக்கும் இடையே இருந்த அதிகார இடைவெளி பெரியது. நம் கேள்வி வேறு. பாளையங்கோட்டையில் வெள்ளை அதிகாரியோடு வாழ்ந்து, 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற மராத்தியப் பார்ப்பன விதவை கிளாரிந்தாவின் கதையை அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நாவலாக எழுதினார். லோயிஸோ மீட்டின் வாழ்க்கை வரலாற்றில் ஓரிரு வரியாக நிற்கிறார். யாருடைய துயரம் நாவலாகிறது, யாருடையது அடிக்குறிப்பாகிறது என்பதையும் சாதிதான் தீர்மானிக்கிறது.

பழைய கதைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே சங்கரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். காதலித்து மணந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். நம் பிறப்பு மட்டமானது என்று நூற்றாண்டுகளாகக் கதை கேட்டு வளர்ந்த சமூகத்தின் கையில் இருந்தது அந்த அரிவாள்.

தோழர்களே, உங்களில் பலர் எழுதுகிறீர்கள், ஆய்வு செய்கிறீர்கள். கொடை விழாவில் பாடும் அண்ணாவிகளிடம் போய், எந்தப் பகுதியைப் பாடுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரில் ரேந்தை பின்னிய பாட்டி இருந்தால் அவருடைய பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். வரலாற்றுக் காதல் கதை எழுதவும் தயங்க வேண்டாம்; காதல் நமக்கும் உரியதுதான். ஆனால் உங்கள் நாயகி வாலப்பகடையின் மகள் என்றால், கடைசி அத்தியாயத்திலும் அவள் வாலப்பகடையின் மகளாகவே இருக்கட்டும்.

ஜெய் பீம்.